நான்கு தொண்டைக்கு ஒரு குரல்

மனசுக்குள் ஒருவன் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளலாம், வாய்க்கு வராதவரை அதனால் யாருக்கும் நஷ்டமில்லை என்றுதான் சேந்தன் நம்பிக்கொண்டிருந்தான். எல்லோருக்கும் வசதியான நம்பிக்கை அது. அதை வைத்துக்கொண்டுதான் ஆபீஸ் நடக்கிறது, குடும்பம் நடக்கிறது, முக்கியமாக நட்பு நடக்கிறது. அந்த வசதியை அவனுடைய நண்பன் ஜெபசிங், ஒரு சனிக்கிழமை காலையில், ஷார்ஜாவுக்குத் தெற்கே பாலைவனத்தின் விளிம்பில், பிக்கப் வண்டியின் பின்கதவை இறக்கிவைத்துக் கெடுத்தான்.

“ஆளுக்கு ஒண்ணு எடுத்துக் கழுத்துல கட்டுங்கல” என்றான்.

இரண்டு விரல் அகலத்தில் கறுப்பு ரப்பர் பட்டை. உள்பக்கம் சின்னச் சின்ன உலோகப் பொட்டுகள்.

“என்னல இது, நாய்க்குக் கட்டுத மாதிரி இருக்கு?” என்றான் சாகுல்.

“நாய்க்கு இம்புட்டு செலவழிக்க மாட்டாவ. கட்டு.”

நான்கு பேரும் பாளையங்கோட்டையில் ஒரே இன்ஜினியரிங் காலேஜ், ஒரே விடுதி. இப்போது ஷார்ஜாவில் ஒருவருக்கொருவர் கூப்பிடு தூரத்தில் குடியிருக்கிறார்கள். வெயில் குறைந்த மாதங்களில் டர்ட் பைக்குகளை பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு மணலுக்கு வந்துவிடுவார்கள். சாகுலுக்கு மேலப்பாளையம், உடம்பும் தைரியமும் பெரிது. ஜெபசிங்குக்கு நாசரேத்; மருத்துவக் கருவி செய்யும் ஒரு கம்பெனியில் ஆராய்ச்சிப் பிரிவு. உலகநாதனை யாரும் முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, உலகுதான். நிதானமாக ஓட்டுவான், நிதானமாகச் சாப்பிடுவான், ஒட்டகத்தைப் பார்த்தால் நின்று போட்டோ எடுப்பான். அவனுக்காகக் காத்திருந்தே மற்ற மூன்று பேருக்கும் பாதி இளமை போயிற்று என்பது சாகுலின் கணக்கு.

சேந்தன் பட்டையைக் கட்டினான். பொட்டுகள் தொண்டைக்குழியில் சில்லென்று பட்டன.

“பேசணும்னு நெனச்சாலே தொண்டையில தசை லேசா அசையும்ல” என்றான் ஜெபசிங். “வாயத் தொறக்கவே வேண்டாம். நமக்கே தெரியாது, அது பாட்டுக்கு அசையும். அத இது படிச்சு எல்லாவன் ஹெல்மெட்லயும் பேச்சா குடுத்துரும். பேச முடியாத நோயாளிகளுக்காகச் செஞ்சது. கட்டில்ல படுத்துக் கெடக்கவன் கழுத்துல நல்லா வேல செய்யுது. ஆடுத குலுங்குத கழுத்துல செய்யுதான்னு பாக்கணும்.”

“அப்ப நாங்கதான் எலி” என்றான் உலகு.

“நீ எலி இல்லல, ஆமை” என்றான் சாகுல்.

ஹெல்மெட்டுகளைப் போட்டுக்கொண்டார்கள். நால்வர் காதிலும் ஒரு பெண்குரல் மிக மரியாதையாக ஒலித்தது.

“புரோட்டா ஆறிப்போய்விடும்.”

ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. பிறகு சாகுல் ஓவென்று சிரித்தான். புரோட்டா அவனுடைய கவலைதான்.

“யாருல இந்த அக்கா? ரயில்வே ஸ்டேஷன்ல பேசுதவ மாதிரி இருக்கா!”

“இப்போதைக்கு ஒரே குரல்தான் போட்டிருக்கோம். ஆம்பள, பொம்பள, உன்னுது, என்னுதுன்னு பிரிக்கிறது அடுத்தாப்ல வரும். அவளுக்கு நம்ம ஊர்ப் பேச்சு வராது. நாம எப்படி நெனச்சாலும் அச்சடிச்ச தமிழ்லதான் சொல்லுவா. இன்னொண்ணு, ரெண்டு பேரு ஒரே நேரத்துல ஒரே விஷயத்த நெனச்சா ரெண்டு தடவ சொல்ல மாட்டா. ஒருவாட்டிதான். ஆனா சத்தமாச் சொல்லுவா. ஆள் கூடக்கூடச் சத்தம் கூடும். இல்லன்னா எல்லாவனும் ‘நில்லு நில்லு’ன்னு கத்தும்போது ஒண்ணும் வெளங்காதுல்லா. பட்டையக் கழட்டுனா டிங்குன்னு ஒரு மணி அடிக்கும், அவ்வளவுதான்.”

இவ்வளவையும் ஜெபசிங் சொல்லும்போது சேந்தன் காது கொடுத்துக் கேட்டான். பிறகு மறந்துபோனான் என்று சொல்ல முடியாது. வேண்டிய நேரத்தில் ஞாபகத்துக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

டயர்களில் பாதிக் காற்றை இறக்கிவிட்டு, பைக்குகளின் பின்னால் உயரமான கம்புகளைச் செருகினார்கள். கம்பு நுனியில் ஆரஞ்சு நிறக் கொடி. மேட்டுக்கு அந்தப் பக்கம் ஆள் வருவது இந்தப் பக்கம் தெரிய வேண்டும் அல்லவா, அதற்காக.

முதல் மேட்டில் பட்டை சரியாக வேலை செய்யவில்லை. குலுக்கலில் பாதிச் சொற்கள் விழுந்துபோயின. “கூட்டி வைல, ஒண்ணும் கேக்கல” என்று சேந்தன்தான் சொன்னான். ஜெபசிங் கையில் கட்டியிருந்த திரையில் எதையோ தள்ளினான். அதன்பின் எல்லாம் கேட்டது. தேவைக்கு மேலேயே கேட்டது.

அந்தக் காலை நேரம் போல அவர்கள் சிரித்து வெகுநாளாயிற்று. சாகுல் ஒரு மேட்டின் உச்சியிலிருந்து காற்றில் பறந்தபோது, அவனுக்கு மிகவும் பழக்கமான கெட்டவார்த்தை ஒன்றை அந்த அக்கா சுத்தமான தமிழில், இலக்கணப் பிழையில்லாமல் அறிவித்தாள். ஜெபசிங் மணலில் சறுக்கி உட்கார்ந்தபோது “யாரும் பார்க்கவில்லை” என்றாள். சூரியன் ஏறி நாக்கு வறண்ட நேரத்தில் “பசிக்கிறது” என்று அவள் போட்ட சத்தத்தில் நால்வருக்கும் காது அடைத்துப்போயிற்று.

சிரிப்புக்கு நடுவே வேறு சிலதும் விழுந்தன. “இவன் மட்டும் எப்படிப் புது வண்டி வாங்கினான்” என்று ஒருமுறை. “அவன் மனைவி பாவம்” என்று ஒருமுறை. யார் நினைத்தது, யாரைப் பற்றி நினைத்தது என்று தெரியவில்லை. கேட்ட நிமிஷம் எல்லோரும் ஒரேயடியாக வண்டியை முறுக்கினார்கள்.

நிழலுக்காக பைக்குகளின் மேல் துணி கட்டி, புரோட்டாவைப் பிரித்து உட்கார்ந்தபோது சாகுல் சொன்னான்: “ஹெல்மெட்ல கேட்டதெல்லாம் ஹெல்மெட்டோட போச்சு. வெளிய எடுத்துட்டு வரக் கூடாது. சரியால?”

“சரி” என்றார்கள். உலகு மட்டும் புரோட்டாவைப் பிய்த்தபடி, “இத வச்சு ஒரு வருஷம் எவனாவது குடும்பம் நடத்திக் காட்டட்டும், நோபல் பரிசு குடுக்கலாம்” என்றான்.

கிளம்பும்போது உலகு இன்னொன்றும் சொன்னான். “திரும்பிப் பாக்குறத விட்டுட்டீங்களே டே.”

அது அவன் கொண்டுவந்த வழக்கம். மணலில் வரிசையாகப் போகும்போது உனக்குப் பின்னால் வருகிறவன் உன் பொறுப்பு. ஒவ்வொரு மேட்டின் உச்சியிலும் கழுத்தைத் திருப்பிப் பின்னால் ஆரஞ்சுக் கொடி தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தெரியவில்லையென்றால் அங்கேயே நின்றுவிட வேண்டும். நீ நின்றால் உனக்கு முன்னால் போகிறவனுக்கு உன் கொடி தெரியாது, அவனும் நிற்பான். ஒருவரும் கத்த வேண்டாம், வரிசை தானாக நின்றுபோகும். இத்தனை வருஷமாக இந்தப் பழக்கம் அவர்களில் யாரையும் மணலில் விட்டதில்லை.

“அதான் காதுக்குள்ளயே இருக்கியே. பொறவு எதுக்குத் திரும்பிப் பாக்கணும்?” என்றான் சேந்தன்.

வழக்கமாக சேந்தன்தான் கடைசியில் வருவான். உலகுவின் பின்னால் ஊர்ந்து வருவது அன்றைக்கு அவனுக்கு அலுத்துப்போயிருந்தது. காது இருக்கிறதே என்ற தைரியத்தில் உலகுவைத் தாண்டி முன்னால் போனான். ஜெபசிங் முதலில், பிறகு சாகுல், பிறகு சேந்தன், கடைசியில் உலகு.

புழுதிக்காற்று சாயங்காலம் வரும் என்றுதான் செய்தியில் சொல்லியிருந்தார்கள். அது மத்தியானமே வந்தது. வடமேற்கில் அடிவானம் பழுப்புச் சுவராக எழும்பியது. அதைக் கண்டதும் நான்கு மனசும் ஒன்றாக நினைத்திருக்க வேண்டும். “போய்விடலாம்” என்று அந்த அக்கா ஓங்கிச் சொன்னாள்.

பிக்கப்புக்கு நான்கைந்து மேடுகள் இருந்தன. ஜெபசிங் வழி பிடித்து ஓட, மற்றவர்கள் பின்னால் ஓடினார்கள். மணல் முதலில் தரையோடு பாம்பு பாம்பாக ஊர்ந்தது, பிறகு முழங்கால் உயரத்துக்கு எழுந்தது. சேந்தனுக்குப் புழுதிக்காற்றில் வழி தவறியவர்களைப் பற்றி ஊரில் பேசிக்கொள்வதெல்லாம் சேர்ந்து ஞாபகம் வந்தது. பிள்ளைகளின் முகம் வந்தது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

“விழுந்துவிட்டேன்” என்றாள் அக்கா.

யார் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

“உச்சியில் தெரியவில்லை. மறுபக்கம் செங்குத்தாக இருந்தது. வண்டி என் மேல் கிடக்கிறது.” கொஞ்சம் இடைவெளி. “தாடை உடைந்துவிட்டது. வாயைத் திறக்க முடியவில்லை. வலிக்கிறது.”

வலிக்கிறது என்பதை அவள், வண்டி சற்றுத் தாமதமாக வரும் என்கிற மாதிரி சொன்னாள்.

சேந்தன் பிரேக்கைப் பிடித்தான். முன்னால் இரண்டு கொடிகளும் நின்றன. எதிரே பிக்கப் நிற்கும் மேடு இன்னும் தெரிந்தது. இடப்பக்கம் பழுப்புச் சுவர் வந்துகொண்டிருந்தது. பின்னால் எதுவும் தெரியவில்லை.

அப்போது சேந்தன் நினைத்தது இது: சவத்துப்பய, எப்பவும் இவனாலதான். இப்பத் திரும்புனா நாலு பேரும் செத்தோம். விட்டுட்டுப் போயிருவோம். பிக்கப்ப எடுத்துக்கிட்டு, காத்து நின்ன பொறவு, ஆள் கூட்டிட்டு வந்து தேடுவோம். அதான் புத்திசாலித்தனம்.

நினைத்தது இவ்வளவு. கருவிக்கு இவ்வளவு தேவைப்படவில்லை. பயத்தையும், பிள்ளைகளையும், பிறகு வந்து தேடுவதையும், புத்திசாலித்தனத்தையும் உதறிவிட்டுச் சாரத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. சேந்தனின் காதுக்குள், எல்லோருடைய காதுக்குள்ளும், மிக மரியாதையாக, மிகச் சத்தமாக ஒலித்தது.

“அவனை விட்டுவிட்டுப் போய்விடலாம்.”

சேந்தனுக்கு ரத்தம் முழுக்க முகத்துக்கு ஏறியது. ஹெல்மெட்டுக்குள் முகத்தை யாரும் பார்க்க முடியாது என்றாலும் தலையைக் குனிந்துகொண்டான். உலகுவுக்கும் கேட்டிருக்கும். வண்டிக்கு அடியில் கிடக்கிறவனுடைய காதிலும் இதே சத்தத்தில் விழுந்திருக்கும். அம்மணமாக நடுத்தெருவில் நிற்கிற மாதிரி இருந்தது. இன்னும் ஏதாவது நினைத்துத் தொலைத்துவிடுவோமோ என்று பயந்து, சின்ன வயதில் செய்வதைப் போல வாய்ப்பாடு சொல்ல ஆரம்பித்தான்.

“ஓரெட்டு எட்டு” என்றாள் அக்கா. “ஈரெட்டு பதினாறு. கடவுளே. மூவெட்டு இருபத்து நான்கு. எதையும் நினைக்காதே. கடவுளே. நான் இல்லை.”

நான் இல்லை என்பது ஓங்கிக் கேட்டது. சேந்தன் அதைக் கவனிக்கவில்லை. தன் அவமானமே காதில் இரைவதாக நினைத்துக்கொண்டான்.

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், வண்டிமேல் உட்கார்ந்தபடி, ஒன்றும் நினைக்காமல் இருக்கப் பாடுபட்டார்கள். யாராவது ஒருவன் வாயைத் திறந்து “வாங்கல, போய்த் தூக்குவோம்” என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், கேவலமானதை நினைத்தவனே இப்போது மழுப்புகிறான் என்று ஆகிவிடும். அதனால் ஒருவனும் சொல்லவில்லை. புழுதிக்காற்று இதற்கெல்லாம் காத்திருக்குமா?

அப்போது டிங் என்று மணி அடித்தது.

“பட்டையக் கழட்டிட்டான்” என்றான் ஜெபசிங். இது வாயால் சொன்னது. காற்றில் பாதிதான் கேட்டது.

யார் முதலில் வண்டியைத் திருப்பியது என்று சேந்தனுக்கு நினைவில்லை. திருப்பினார்கள். ஆனால் காற்று அவர்களைப் பிடித்துவிட்டிருந்தது. கொடிகள் மறைந்தன, பிறகு முன்சக்கரமே மறைந்தது. இறங்கி வண்டிகளைத் தள்ளிக்கொண்டு, “உலகு! ஏல உலகு!” என்று கத்தினார்கள். வாய் நிறைய மணல். தாடை உடைந்தவன் எப்படிப் பதில் சொல்வான்? அவனுக்கு இருந்த ஒரே வாய் அந்தப் பட்டைதான். அதையும் அவன் கழற்றிவிட்டான். மேடு எது பள்ளம் எது என்று தெரியாமல் ஒரே இடத்தையே சுற்றிச் சுற்றித் தேடினார்கள். கடைசியில் சேந்தனின் பூட்ஸ்தான் அவன் மேல் இடறியது.

பாதி உடம்பு மணலில் மூடியிருந்தது. சூடான சைலன்சர் கெண்டைக்காலில் அழுந்தி, தோல் வெந்து ஒட்டியிருந்தது. சீக்கிரம் வந்திருந்தால் அவ்வளவு வெந்திருக்காது. அவன் கண் திறந்திருந்தது. வலது கையில் கறுப்புப் பட்டையை இறுகப் பிடித்திருந்தான். சேந்தன் அதை வாங்கப் பார்த்தான். உலகு தரவில்லை.

*

அவர்கள் வீரர்களானது அப்படித்தான்.

புயலுக்குள் திரும்பிப் போய் நண்பனை மீட்ட மூன்று தமிழர்கள் என்ற செய்தி ஷார்ஜாவில் இருக்கும் எல்லாத் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களுக்கும் போனது. நட்புக்கு இலக்கணம் என்று ஒருவர் போட்டார். கைகூப்பும் படங்கள் வரிசையாக வந்தன. பொங்கல் விழாவில் மேடையேற்றிப் பொன்னாடை போர்த்த வேண்டும் என்று தமிழ்ச் சங்கத்துக்காரர் வீட்டுக்கே வந்து கேட்டார். சேந்தனின் மனைவி அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் மகள் பள்ளிக்கூடத்தில் படம் வரைந்து கொண்டுவந்தாள்: மூன்று பைக், ஒரு சூரியன், நடுவில் சிரிக்கிற அப்பா. அதைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்தார்கள். சேந்தன் தண்ணீர் குடிக்கப் போகும்போதெல்லாம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டே கதவைத் திறந்தான்.

மூன்று பேரும் பேசிக்கொள்வது நின்றுபோனது. சாகுல் போன் எடுக்கவில்லை. ஜெபசிங் வேலை அதிகம் என்றான். இருவரும் தன்னை ஒதுக்குகிறார்கள் என்று சேந்தன் புரிந்துகொண்டான். புரிந்துகொண்டதில் நியாயம் இருப்பதாகவும் பட்டது. அவர்கள் கேட்டார்கள் அல்லவா. அந்தக் குரலுக்கு முகம் இல்லைதான், ஆனால் உலகுவுக்கு நேர் முன்னால் போனவன் யார், திரும்பிப் பார்க்காதவன் யார் என்று அவர்களுக்குத் தெரியாதா?

ஆஸ்பத்திரிக்குப் போகாமல் எவ்வளவு நாள்தான் தள்ளுவது. ஒருநாள் ஆபீஸிலிருந்து நேரே போனான்.

அறை வாசலில் உலகுவின் மனைவி சுகந்தி எழுந்து நின்றாள். கண் கலங்கியது. “வாங்கண்ணே. நீங்க மூணு பேரும் மட்டும் அன்னைக்குத் திரும்பி வரலன்னா எங்க கதி என்னாயிருக்கும்? சாமி மாதிரி வந்தீங்க.”

இவளிடமே சொல்லிவிட்டால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது. சொல்லவில்லை. “அவன் எப்படி இருக்கான்?” என்றான்.

“தாடையில கம்பி போட்டுக் கட்டியிருக்காவ. கால்ல தோல் ஒட்டியிருக்காவ. நடக்க நாளாகுமாம். பேச்சுக்கு ஜெபா அண்ணன் அந்தப் பட்டையக் கொண்டாந்து மாட்டிவிட்டுட்டுப் போனாவ. நான் கீழ போயி டீ வாங்கிட்டு வாரேன், நீங்க பேசிட்டிருங்க.”

உலகு தலையணையில் சாய்ந்திருந்தான். முகம் வீங்கி வேறு ஆளாகத் தெரிந்தான். கழுத்தில் கறுப்புப் பட்டை. பக்கத்து மேஜையில் சின்ன ஸ்பீக்கர், அதனருகே இன்னொரு பட்டை. உலகு கட்டிலின் இரும்புக் கம்பியை விரலால் ஒருமுறை தட்டினான்.

“வா, உட்கார்” என்றாள் ஸ்பீக்கரிலிருந்து அந்த அக்கா. “நான் பேசும்போது கம்பியைத் தட்டுவேன். இல்லாவிட்டால் குழப்பம். அந்தப் பட்டையைக் கட்டிக்கொள்.”

“எனக்கு எதுக்குல? எனக்கு வாயி இருக்கே” என்று சிரிக்கப் பார்த்தான் சேந்தன்.

தட்டு. “வாயால் பேசினால் நீ வழக்கம்போலச் சமாளிப்பாய். கட்டிக்கொண்டு பேசு.”

சேந்தன் பட்டையை எடுத்துக் கட்டினான். பொட்டுகள் சில்லென்று பட்டன. தொண்டையைச் செருமினான். சுகந்தியிடம் பழம் கொடுத்திருக்கலாம், வெறும் கையோடு வந்துவிட்டேன் என்று ஆரம்பிக்கலாம் என்றிருந்தான்.

“அதைச் சொன்னது நான்தான்” என்றாள் அக்கா.

சேந்தன் திறந்த வாயோடு நாற்காலியில் உட்கார்ந்தான். பிறகு, ஆனது ஆகட்டும் என்று வாயாலும் சொன்னான். “ஆமா. நாந்தாம்ல. பயத்துல வந்துட்டு. பிக்கப்ப எடுத்துட்டு வந்து தேடலாம்னுதான்…” அவனுக்கே கேட்கச் சகிக்கவில்லை. “இல்ல. விட்டுட்டுப் போவணும்னுதான் நெனச்சேன். உன் மூஞ்சில முழிக்க எனக்கு யோக்கியதை இல்ல. நான் திரும்பிப் பாத்திருந்தா நீ விழுந்ததும் நின்னிருப்பேன். எவனும் எதையும் நெனைக்கவே நேரம் இருந்திருக்காது.”

அழுகை வந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு தரையைப் பார்த்தான்.

தட்டு. “ஜெபா முதல் நாளே வந்தான். கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதான். தான்தான் அப்படி நினைத்ததாகச் சொன்னான்.”

சேந்தன் நிமிர்ந்தான்.

தட்டு. “நேற்று சாகுல் வந்தான். அவனும் தான்தான் என்றான். அவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு என் காலைத் தொடப் பார்த்தான்.”

“என்னது?”

தட்டு. “அன்றைக்குச் சத்தத்தை நீ கவனிக்கவில்லையா? பசிக்கிறது என்று கேட்டதே, கிட்டத்தட்ட அந்தச் சத்தம். அது ஒரு ஆளுடைய சத்தம் இல்லை. மூன்று பேர் சத்தம். எனக்கு அப்போதே தெரியும்.”

சேந்தனின் நெஞ்சிலிருந்து ஏதோ ஒன்று இறங்கியது. மூணு பேருமா. அப்ப நான் மட்டும் இல்ல. நல்லவன் சாகுல்கூடவா. சர்ச்சுக்குத் தவறாத வேதக்காரன் ஜெபாகூடவா. முகத்தைச் சேந்தன் சரியாகவே வைத்திருந்தான், கண்ணில் நீர்கூட இன்னும் காயவில்லை.

“நிம்மதியாக இருக்கிறது” என்றாள் அக்கா.

உலகுவின் விரல் தட்டவில்லை.

இருவரும் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வண்டிக்கு அடியில் கிடந்தவன் முன்னால் உட்கார்ந்துகொண்டு, தனக்குத் துணை கிடைத்ததற்காக நிம்மதி. பாலைவனத்தில் நினைத்ததற்காவது பயம் என்று ஒரு காரணம் இருந்தது. இதற்கு என்ன காரணம் சொல்வது? சேந்தனுடைய கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று. பட்டையின் கொக்கியை விரல் தேடியது.

தட்டு. “கழற்றாதே.”

“முடியலல. விட்டுரு என்னய.”

தட்டு. “நானும் கழற்றினேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. உங்கள் மேல் கோபித்துக்கொண்டு கழற்றினேன் என்று நினைத்திருப்பீர்கள்.” உலகு கண்ணை மூடிக்கொண்டான். விரல் கம்பிமேலேயே இருந்தது. “நீங்கள் போய்விடலாம் என்றீர்கள். அது கேட்டதும் எனக்கு ஒன்று வந்தது. உங்கள் மூன்று பேர் வண்டியும் கவிழட்டும், மூன்று வீட்டிலும் இழவு விழட்டும், உங்கள் பிள்ளைகளும் அப்பன் இல்லாமல் அலையட்டும் என்று வந்தது. முழுதாக வருவதற்குள் கழற்றினேன். உன் மகள் பெயர்கூட வந்துவிட்டது. போன மாதம் என் மடியில் உட்கார்ந்து சோறு தின்ற பிள்ளை.”

சேந்தனின் விரல் கொக்கியிலேயே நின்றது.

தட்டு. “உங்களுக்கு அது கேட்கக் கூடாது என்று கழற்றினேன். கழற்றியதால் என் கால் வெந்தது. அதற்கு உங்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஜெபாவிடமும் சாகுலிடமும் இதைச் சொல்லத் தைரியம் வரவில்லை. நீங்கள் வந்து அழ அழ, நான் நல்லவன் மாதிரி கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன்.”

கீழே போன சுகந்தி இன்னும் வரவில்லை. நடையில் யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள். சேந்தன் கழுத்திலிருந்து கையை எடுத்து மடிமேல் வைத்துக்கொண்டான். வாய்ப்பாடு சொல்லவில்லை. எதையும் நினைக்காமல் இருக்கப் பார்க்கவில்லை. வருவது வரட்டும் என்று உட்கார்ந்திருந்தான்.

“வெட்கமாக இருக்கிறது” என்றாள் அக்கா.

அது அவனுடையதுதான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் சொன்னாள். இந்த முறை சத்தம் கூடியிருந்தது.

சேந்தன் கட்டிலைப் பார்த்தான். உலகு கண்ணைத் திறக்கவில்லை. விரல் மட்டும் கம்பியை ஒருமுறை தட்டியது.